பயறு முட்டை சட்டி: காலை அவசரத்துல நாம பண்ற தப்பு

எங்க மன்னார்குடி பக்கம் தை அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிக்கிற நெல்லுக்குள்ளயே பயறு உளுந்து தெளிச்சு விட்ருவாங்க, மண்ணுல மிச்சம் இருக்குற ஈரத்துலயே அது வளந்து பங்குனில வீட்டுக்கு வந்துரும். அதனால டப்பால பச்சைப்பயறுக்குப் பஞ்சமே இல்ல. வெந்த பயறை வெங்காயம் தக்காளியோட இரும்புச் சட்டில வதக்கி, நடுவுல முட்டைய ஊத்தி மூடி வச்சா டிபன் முடிஞ்சுது. முட்டை சைவமான்னு சண்டைக்கு வந்துராதீங்க, எங்க வீட்ல கறி மீன் கிடையாது முட்டை உண்டு, பாட்டிக்கு மட்டும் தனி சட்டி.

ஈசியான ஐட்டம்தான், கெடுக்குறதும் ஈசி. பயறு நிதானமா வேகணும், முட்டைக்கு மூணு நாலு நிமிஷம் போதும், ரெண்டையும் ஒரே அவசரத்துல பாத்தா ஒண்ணு வேகாது, இன்னொண்ணு ரப்பராயிரும்.

பெரிய தப்பு, பயறு வேகறதுக்கு முன்னாடியே தக்காளியப் போடுறது. நானும் ஒரு நாள் விருந்தாளி வந்திருக்காங்கன்னு அரைவேக்காட்டுப் பயறைத் தக்காளில கொட்டிட்டேன், சட்டில வெந்துரும்னு நம்பி அரைமணி நேரம் கிண்டுனேன், கடைசி வரைக்கும் நறுக்கு நறுக்குன்னுதான் இருந்துச்சு. புளிப்பு பட்டா பயறுக்குள்ள பசை மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்குற பெக்டின்ங்கிற பொருள் இளகாது, அதான் காரணம். சுண்ணாம்பு அதிகமா இருக்குற போர் தண்ணிலயும் இதே கதைதான், எங்க சித்தி வீட்ல பயறு வேகவைக்க மட்டும் கேன் தண்ணி. ஆனா உப்பு போட்டா பயறு வேகாதுன்னு சொல்றத நான் நம்புறதில்ல, ஊறவைக்கிற தண்ணில கொஞ்சம் உப்பு போட்டுப் பாருங்க, தோல் இன்னும் நல்லாவே இளகும்.

ராத்திரியே ஊறப்போட்ருங்க. காலைல கையவிட்டு அளைஞ்சா சிலது மட்டும் ஊறாம கல்லு மாதிரி தட்டுப்படும், அதைப் பொறுக்கிருங்க, பல்லு தப்பிக்கும். குக்கர்ல ரெண்டு விசில், போன வருஷத்துப் பயறுன்னா ஒண்ணு கூட. விசில எண்ணிட்டு அப்படியே விட்றாதீங்க, ஒரு பயறை எடுத்து ரெண்டு விரல்ல நசுக்குங்க, தோல் வழுக்கிட்டு உள்ள மாவா மசியணும், ஆனா சட்டில குழைஞ்சு கஞ்சியாகியிருக்கக் கூடாது. அந்த வெந்த தண்ணிய ரசத்துக்கு வச்சுக்கலாம்.

அடுத்தது ஈரம். மசாலா தளதளன்னு இருக்கும்போதே முட்டைய உடைச்சா வெள்ளைக்கரு தண்ணில கரைஞ்சு நூல்நூலா ஓடும், பாக்கவே சகிக்காது. கரண்டியோட பின்பக்கத்தால குழி பண்ணி கொஞ்ச நேரம் பாருங்க, குழில தண்ணி ஊறி நிறைஞ்சா இன்னும் வத்தணும்னு அர்த்தம், குழி அப்படியே நின்னா முட்டை ஊத்தலாம். நேரா சட்டில உடைக்காம கிண்ணத்துல உடைச்சு ஊத்துங்க, நாமக்கல்லேருந்து நம்ம கடைக்கு வந்து எத்தனை நாளாச்சோ, ஒரு அழுகல் விழுந்தா மொத்தச் சட்டியும் போச்சு.

அடுப்ப சிம்ல வச்சு மூடுங்க. வேகமா எரிச்சா அடி கருகும், மேல வழவழன்னு நிக்கும். வெள்ளை முழுசா வெளுத்ததுமே அடுப்ப அணைச்சிருங்க, இரும்புச் சட்டி சூட்டுலயே மஞ்சக்கரு இன்னும் கொஞ்சம் இறுகும். சின்னப் பிள்ளைங்க, கர்ப்பிணிங்களுக்கு மட்டும் மஞ்சளையும் முழுசா வேகவிட்டுத்தான் குடுக்கணும், ஆஃப் பாயில் வேணாம். மிளகுத்தூளக் கடைசில தூவுங்க.

மிச்சம் இருந்தா வேற கிண்ணத்துக்கு மாத்திருங்க. தக்காளிப் புளிப்போட இரும்புல கிடந்தா மத்தியானத்துக்குள்ள கறுத்துப்போய் நாக்குல இரும்பு வாசம்தான் வரும், சட்டியையும் உடனே கழுவித் துடைச்சு ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வச்சாதான் மறுநாள் தோசையாவது ஒட்டாம வரும்.