கதவு சீலில் காற்று நிற்கவில்லையா? ரப்பரைக் கழற்றும் முன் வால்வைப் பாருங்கள்

பாண்டிச்சேரி சேதராப்பட்டுப் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மருந்துப் பொடியை உலர்த்தும் எஃப்.பி.டி. மெஷினில் தொட்டியையும் மேல்கூண்டையும் காற்று ஊதிய சிலிகான் கேஸ்கெட்தான் இறுக்கிப் பிடிக்கும். அது உப்பவில்லை என்றால் பொடி ரூம் முழுக்கப் பறக்கும். டெக்சாஸில் இருக்கும் என் அத்தை மகன் கிட் வாங்கித் தானே கட்டிய லான்செய்ர் ஃபோர்-பி விமானத்தின் கதவிலும் இதே வேலையைச் செய்வது இதே மாதிரி ஒரு சீல். "பம்ப் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுது மச்சான், புது சீல் ஆர்டர் போடப்போறேன்" என்று கூப்பிட்டான். இங்கே ராத்திரி ஒன்பதரை, அங்கே பகல் பதினொன்று. வீடியோ காலிலேயே பார்த்தோம். சீலில் ஒரு குறையும் இல்லை, கோளாறு வால்வில் இருந்தது. அன்றைக்குப் பார்த்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். 24,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 5.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) தான். கேபினில் அதைவிட 5 பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்தால், உள்ளே இருப்பவருக்கு எட்டாயிரத்து ஐந்நூறு அடியில் இருப்பது போல இருக்கும். அந்த உயரத்தில் கேபின் காற்று போய்விட்டால் தெளிவாக யோசிக்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், சட்டென்று போனால் அதுவும் பாதியாகிவிடும். அதனால் சந்தேகம் தீரும்வரை பிரஷரைஸ் செய்து பறக்கவே கூடாது.

அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: சின்ன எலக்ட்ரிக் பம்ப், அடுத்து என்.ஆர்.வி., அதாவது காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, அப்புறம் அழுத்தம் குறைந்தால் பம்பை ஓட்டும் பிரஷர் ஸ்விட்ச், கேஜ், அழுத்தம் அதிகமானால் காற்றை விடும் ரிலீஃப் வால்வு, பிறகு கரன்ட் கொடுத்தால் காந்தம் இழுத்து வேலை செய்யும், மூன்று வாய் உள்ள சொலினாய்ட் வால்வு, அங்கிருந்து ஹோஸ் வழியாக சீல். சொலினாய்டின் ஒரு வாய் பம்ப் பக்கம், ஒன்று சீல் பக்கம், மூன்றாவது காற்றை வெளியே விடும் வாய். அவரவர் கட்டியது என்பதால் வரிசை மாறியிருக்கலாம், எனவே முதலில் உங்கள் விமானத்தின் லைனை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

கதவைச் சாத்தி, லாக் பின் எல்லாம் முழுசாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சீலை ஊத வேண்டும். கதவு திறந்திருக்கும்போது ஊதினால் தாங்குவதற்கு எதிர்ச்சுவர் இல்லாமல் ரப்பர் பலூனாக வீங்கிக் கிழியும். எங்கள் கம்பெனியில் தொட்டியை ஏற்றாமலே காற்றைத் திறந்து ஒரே நாளில் கேஸ்கெட் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பம்ப் நின்றதும் அதன் பிரேக்கரை மட்டும் இழுத்துவிட்டு, சொலினாய்டுக்குக் கரன்ட் இருக்கும்படி விட்டு, கேஜை அரை மணி நேரம் பாருங்கள். முள் கொஞ்சம் இறங்கியதுமே லீக் என்று முடிவு செய்யாதீர்கள், காற்று குளிர்ந்தாலும் இறங்கும். 12 பி.எஸ்.ஐ. இருந்த சீல் 30 டிகிரியிலிருந்து 25-க்கு வந்தால் அரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையும். அதற்கு மேல் இறங்கினால் லீக்தான்.

அடுத்தது மிக எளிய, மிகப் பயனுள்ள சோதனை. திரும்ப ஊதி, சீலுக்குப் போகும் ஹோஸை சீலுக்குப் பக்கத்தில் வழவழப்பான கிளாம்ப் போட்டு நெரியுங்கள். கேஜ் வால்வுப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நெரித்த பிறகும் முள் இறங்கினால் கோளாறு வால்வுப் பக்கம். நின்றுவிட்டால் சீல் பக்கம். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் சீலை உரித்து எடுப்பவர்கள்தான் அதிகம், பழைய பசையைச் சுரண்டவே ஒரு நாள் போய்விடும்.

பஞ்சர் கடைக்காரர் ட்யூபில் காற்றடித்ததும் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்ப்பார், ஞாபகம் இருக்கிறதா? அதேதான் இங்கேயும். சீல் ஊதிய நிலையில் சொலினாய்டின் வெளிவிடும் வாயில் சோப்பு நீரால் ஒரு மெல்லிய படலம் போடுங்கள். குமிழ் வளர்ந்தால் உள்ளே வால்வு சரியாக மூடவில்லை. குமிழ் இல்லையென்றால் பம்ப் பக்க ஹோஸைக் கழற்றி என்.ஆர்.வி. வாயிலும், அப்புறம் ரிலீஃப் வால்வு, ஃபிட்டிங், பிரஷர் ஸ்விட்ச் இணைப்புகளிலும் பாருங்கள். அத்தை மகன் வெளிவிடும் வாயில் படலம் வைத்த பத்தாவது நொடியில் பட்டாணி அளவுக்குக் குமிழ் எழும்பியது. கரன்டையும் காற்றையும் எடுத்துவிட்டு வால்வைத் திறந்தான். பிளஞ்சர், அதாவது காந்தம் இழுக்கும் தண்டின் முனை ரப்பருக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் அரிசி மணி நீளத்துக்கு ஒரு வெள்ளை நூல். டெஃப்லான் டேப்பின் பிசிறு. ஃபிட்டிங்கின் நுனி வரை டேப் சுற்றினால் முறுக்கும்போது அறுந்து நேராக வால்வுக்குள்தான் போகும். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

சீல் ஊதவே இல்லை என்றால் சொலினாய்டின் காந்தக் காயிலைப் பாருங்கள். ஸ்விட்ச் போட்டதும் டக்கென்று சத்தம் வரவேண்டும். சத்தம் கேட்காத இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையைக் காயில் நட்டின் மேல் வையுங்கள், காந்தம் இழுப்பது கையில் தெரியும். இழுக்கவில்லை என்றால் காயிலின் டெர்மினலிலேயே வோல்ட் அளக்க வேண்டும், ஸ்விட்சில் அளப்பது போதாது. கடலோரத்தில் டெர்மினல் பச்சை பூத்து வோல்ட் பாதியில் தொலைவது எங்களுக்குப் பழகிய விஷயம். காந்தம் இழுத்தும் காற்று வரவில்லை என்றால் பிளஞ்சர் சிக்கியிருக்கும்.

இறங்கிய பிறகு சீல் சுருங்க மறுத்தால் வெளிவிடும் வாய் அடைத்திருக்கும், அல்லது பிளஞ்சர் திரும்பவில்லை. அப்போது கதவை இழுத்துப் பார்க்காதீர்கள், சீல் உரியும். அதைவிடப் பெரிய ஆபத்து கேபினில் மிச்சமிருக்கும் அழுத்தம். முக்கால் சதுர மீட்டர் கதவில் அரை பி.எஸ்.ஐ. இருந்தாலே 250 கிலோவுக்கு மேல் தள்ளும். கேபின் காற்றை வெளியே விடும் டம்ப் வால்வைத் திறந்து வெளியும் உள்ளும் சமமானதை உறுதி செய்துவிட்டுத்தான் கதவில் கை வைக்க வேண்டும்.

கிளாம்ப் சோதனையில் கோளாறு சீல் பக்கம் என்று வந்தால், ஹோஸ் சீலுக்குள் நுழையும் கழுத்தை முதலில் பாருங்கள், அங்கேதான் வளைந்து வளைந்து வெடிக்கும். சிலிகான் சீலுக்கு சிலிகான் கிரீஸ் போடவே போடாதீர்கள், ரப்பர் அதைக் குடித்து உப்பும். ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் டால்க் போதும்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கேஜ் கேபினோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். தரையில் 12 காட்டிய சீல், கேபின் எட்டாயிரம் அடி நிலைக்குப் போனால் காற்று ஏறாமலே கிட்டத்தட்ட 16 காட்டும். அதனால்தான் ரிலீஃப் வால்வு வேண்டும். மேலே அது கொஞ்சம் காற்றை விட்டிருந்தால், இறங்கும்போது முள் குறைந்து பம்ப் ஓடும். அது கோளாறு இல்லை.

சரிசெய்த பிறகு சோப்பை நல்ல தண்ணீரில் துடைத்து, பம்ப் நிற்பதற்கும் மறுபடி ஓடுவதற்கும் இடையிலான நேரத்தை லாக் புக்கில் எழுதுங்கள். அத்தை மகனுடையது ஐந்து நிமிடமாக இருந்தது. வால்வைச் சுத்தம் செய்து மாட்டிய அன்று நாற்பது நிமிடம் காத்திருந்தோம், பம்ப் ஓடவில்லை.