புத்தகம் பரிந்துரைப்பதில் நேரும் தவறுகள்: குமரி எல்லைப்புற வாசகர்களை முன்வைத்து

குமரி மாவட்டத்திலும், அதை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பகுதிகளிலும் வாழும் தமிழர்களிடையே ஒரு புத்தகம் கை மாறும்போது, கொடுப்பவருக்கு அந்த நூல் தந்த மகிழ்ச்சிதான் பெரும்பாலும் பேசப்படுகிறது. பெற்றுக்கொள்பவருக்கு எந்த எழுத்து தடையின்றி வாசிக்க வரும், நாளின் எந்த வேளை அவருக்கு ஓய்வானது, கடைசியாக அவர் முடித்த நூல் எது என்று யாரும் கேட்பதில்லை. நூலக இயலின் முன்னோடியான, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது இன்னொன்று. பரிந்துரைப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மறப்பதால் வருபவை.

முதல் தவறு, கேட்காமலே பெயரைச் சொல்லிவிடுவது. "படிக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்று ஒருவர் கேட்டவுடன், நம் மனத்தில் முதலிடத்தில் இருக்கும் நூல் வாயில் வந்துவிடுகிறது. அதற்கு முன் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்வது அவசியம்: அவர் கடைசியாக முழுவதும் படித்து முடித்தது எது, பாதியில் விட்டது எது, எங்கே எப்போது படிக்கிறார். இவற்றுள் பாதியில் விட்ட நூலே அதிகம் சொல்லும். வர்ணனை நீண்டதால் விட்டாரா, பாத்திரங்களின் பெயர்கள் குழம்பியதால் விட்டாரா, துயரம் தாங்காமல் விட்டாரா என்று தெரிந்தால், எதைக் கொடுக்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும். மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் சென்று திரும்புகிறவருக்கு, கூட்டத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு படிக்கக்கூடிய, ஒரே அமர்வில் முடியும் சிறுகதைகள் பொருந்தும். பணி ஓய்வு பெற்று வீட்டிலிருப்பவருக்கு ஒரு பெருநாவலில் பல வாரங்கள் தங்கியிருப்பதே இன்பமாக இருக்கலாம்.

எந்த மொழியில் பேசுகிறார், எந்த மொழியில் படிக்கிறார்

எல்லைப்புறத்தில் மிக அதிகமாக நேரும் தவறு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய குமரி மாவட்டப் பகுதிகள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும்வரை திருவிதாங்கூரின் பகுதியாகவும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும் இருந்தன. அக்காலத்தில் பள்ளிக்குச் சென்றவர்களில் மலையாளத்தை நன்றாக வாசிப்பவர்களும், தமிழை எழுத்துக்கூட்டியே வாசிப்பவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலருக்கு நிலைமை தலைகீழ்: உறவினரோடு மலையாளம் பேசுவார்கள், மலையாளத் திரைப்படங்களைத் திரையில் ஓடும் வசன மொழிபெயர்ப்பு இல்லாமல் பார்ப்பார்கள், ஆனால் அச்சிட்ட ஒரு மலையாளப் பத்தியை அவர்களால் வாசிக்க இயலாது. "உங்களுக்குத்தான் மலையாளம் தெரியுமே" என்று சொல்லி மூலநூலைக் கொடுத்தால், அது அவர்களுடைய அலமாரியில் திறக்கப்படாமலே இருக்கும். தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவதால் அவர்கள் காரணத்தையும் சொல்லமாட்டார்கள்.

எல்லையின் அந்தப் பக்கத்தில் இதன் மறுவடிவம் நிகழ்கிறது. திருவனந்தபுரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவர்கள். வீட்டில் பேசும் தமிழ் அவர்களுக்குத் தடையின்றி வரும். அச்சில் வரும் செந்தமிழ் வாக்கியம் மெதுவாகத்தான் ஏறும். இவர்களிடம் எழுநூறு பக்க நாவலைக் கொடுத்து, தாய்மொழியில் படிக்க வேண்டாமா என்று கேட்பது, தமிழ் வாசிப்பையே ஒரு தேர்வாக ஆக்கிவிடுகிறது. உரையாடல் மிகுந்த சிறுகதைகள், சற்றுப் பெரிய எழுத்தில் அச்சான பதிப்புகள், ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர் கேட்கக்கூடிய கதைகள் ஆகியவற்றில் தொடங்கினால், சில மாதங்களில் அவர்களே நீண்ட நூல்களைத் தேடி வருவார்கள். எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க எளிய வழி, நாளிதழை எந்த மொழியில் படிக்கிறீர்கள் என்று கேட்பதுதான். எந்த மொழி தெரியும் என்ற கேள்விக்குக் கிடைக்காத உண்மையான விடை இதற்குக் கிடைக்கும்.

இதோடு சேர்ந்தது வட்டார வழக்கு பற்றிய தவறான கணிப்பு. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் பகுதிச் செட்டி சமூகத்தின் பேச்சில் எழுந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' தென்கடலோர முஸ்லிம்களின் வழக்கில், அரபுச் சொற்களும் மலையாளச் சாயலும் கலந்து செல்வது. இந்த மண்ணில் வளர்ந்தவருக்கு, தன் வீட்டுப் பேச்சை அச்சில் காணும் மகிழ்ச்சியை இவை தரும். தஞ்சாவூரிலோ சேலத்திலோ இருக்கும் நண்பருக்கு ஒன்றும் சொல்லாமல் இதே நூல்களை அனுப்பினால், தமக்குத் தமிழ் போதவில்லையோ என்று அவர் மருண்டுவிடக்கூடும். முதல் இருபது பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு காது பழகிவிடும் என்ற ஒரு வரியைச் சேர்த்தாலே போதுமானது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கடல் நாவல், முஸ்லிம் நண்பருக்கு முஸ்லிம் வாழ்வைச் சொல்லும் நாவல், தோட்டத் தொழிலாளியின் மகனுக்கு மலைத்தோட்டக் கதை என்று பிறப்பைப் பார்த்துப் பரிந்துரைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம். தாம் வாழும் வாழ்க்கையை எழுத்தில் காண விரும்புகிறவர்கள் உண்டு. அதிலிருந்து வெளியே போய் ஒரு பனிநாட்டையோ, துப்பறியும் கதையையோ, வானியலையோ படிக்க விரும்புகிறவர்களும் அதே அளவுக்கு உண்டு. எது வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரையும் பதிப்பையும் விட்டுவிடுவது

மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த நூல்களை இப்பகுதியினர் ஆர்வத்தோடு பரிந்துரைக்கிறார்கள். அதில் குமரி மண்ணுக்குத் தனி உரிமையும் இருக்கிறது. தகழியின் 'செம்மீன்' (1956), 'தோட்டியின் மகன்' ஆகிய இரண்டையும் தமிழாக்கியவர் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி. பஷீரின் படைப்புகள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்த குளச்சல் மு. யூசுஃப், 'திருடன் மணியன்பிள்ளை' மொழிபெயர்ப்புக்காக 2018-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றவர். ஆயினும், பரிந்துரைக்கும்போது மூல ஆசிரியரின் பெயர் மட்டுமே சொல்லப்படுகிறது. ஒரே நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமிழாக்கங்கள் இருக்கும்போது, எதைப் படித்து நாம் வியந்தோமோ அதை விட்டுவிட்டு வேறொன்று நண்பரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதில் எல்லைப்புற வாசகர் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சரியாகச் செய்யப்படாத மொழிபெயர்ப்பில் வாக்கியத்தின் அமைப்பு மலையாளமாகவே தங்கிவிடும். இரண்டு மொழிகளும் புழங்கும் வீட்டில் வளர்ந்த காதுக்கு அது உறுத்துவதில்லை; நாம் அதைத் தடையின்றி வாசித்து முடித்து, நல்ல தமிழாக்கம் என்று சான்றும் கொடுத்துவிடுகிறோம். திருச்சிக்காரர் அதே பக்கத்தில் மூன்று முறை இடறுவார். ஆகவே மொழிபெயர்ப்பு நூலை வெளியூர் நண்பருக்குச் சொல்லும் முன், மலையாளமே அறியாத ஒருவரிடம் ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

பதிப்பைச் சொல்லாமல் விடுவதும் இதைப் போன்றதே. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நூலானது. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் பல பதிப்பகங்கள் அதை வெளியிடுகின்றன. சுருக்கப் பதிப்புகளும் சிறுவர் பதிப்புகளும் அவற்றோடு சேர்ந்தே விற்பனையில் இருக்கின்றன. சுருக்கத்தைப் படித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவரிடம் குறை காண முடியாது. முழுப் பதிப்பு என்று நாம்தான் சொல்லியிருக்க வேண்டும். நூலின் தொடக்கத்தில் பதிப்பு விவரம் அச்சான பக்கத்தை ஒரு முறை பார்த்தால் முதற்பதிப்பு ஆண்டு, மொழிபெயர்ப்பாளர், சுருக்கமா முழுமையா என்பவை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விருதுப் பட்டியலை நம்பி வாங்குவது

சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல்களை வரிசையாக வாங்கிப் படித்துவிட்டால் தமிழின் சிறந்தவற்றைப் படித்ததாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 'சாலை' எனப்படும் கடைத்தெருவின் வாழ்க்கையைக் கதைகளாக்கிய ஆ. மாதவனுக்கு 2015-இல் விருது கிடைத்தது 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்கு. பட்டியலைக் கொண்டு அவரிடம் செல்கிறவர் கட்டுரைகளோடு திரும்பிவிடுவார். கடைத்தெருக் கதைகள் அவர் கண்ணில் படமாட்டா. தி. ஜானகிராமன் 1979-இல் விருது பெற்றது 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுதிக்கு. வாசகர் நினைவில் முதலில் நிற்பதோ 'மோகமுள்'. சுந்தர ராமசாமி அந்தப் பட்டியலிலேயே இல்லை. விருது ஓர் எழுத்தாளரை அறிமுகம் செய்யும் என்பதில் ஐயமில்லை. எந்த நூலில் தொடங்குவது என்பதை அவரை ஏற்கெனவே படித்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே நன்று.

பின்னட்டையில் இருக்கும் புகழுரைகளும் உதவ மாட்டா. அவை விற்பனைக்காக எழுதப்பட்டவை. முதல் இரண்டு பக்கங்களையும், நடுவில் ஏதோ ஒரு பக்கத்தையும் கடையில் நின்றபடியே வாசியுங்கள். தொடக்கத்தைச் சிரத்தையோடு செதுக்கிவிட்டு நடுவில் தளர்ந்துபோகும் நூல்களை அந்த நடுப்பக்கம் காட்டிக்கொடுக்கும்.

ஒரே மூச்சில் பத்து நூல்களின் பெயர்களை அடுக்குவதும், கதை முழுவதையும் சொல்லிவிடுவதும், "அருமை, அவசியம் படியுங்கள்" என்பதோடு நிறுத்திவிடுவதும் நாம் நாள்தோறும் காண்பவை. ஒன்று அல்லது இரண்டு நூல்கள் போதும். எதைப் பற்றியது, எவ்வளவு பெரியது, எந்த இடத்தில் பொறுமை வேண்டும், ஏன் உங்களுக்கு என்று நினைத்தேன் என்ற நான்கையும் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். அந்த நான்காவது வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த நூலை அவருக்குப் பரிந்துரைக்க வேண்டியதில்லை.

அருகிலிருக்கும் நூலகத்தை மறப்பது

நல்ல புத்தகம் கிடைப்பதில்லை என்று சொல்கிறவர்களில் பலர், தங்கள் ஊர் நூலகத்துக்குள் போய் நெடுங்காலமாகியிருக்கும். பொது நூலகங்களுக்கு 1948-இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்துகிறோம். எல்லைக்கு அப்பால் பி.என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்களை ஒன்றுசேர்த்து இயக்கமாக்கியபோது குமரியும் திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. அவர் மறைந்த ஜூன் 19 இன்று வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. திருவனந்தபுரத்தில் 1829-இல் தொடங்கப்பட்ட மாநில மைய நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. இவ்வளவு இருந்தும், வேண்டிய தலைப்பு இல்லை என்று கேட்டவுடன் திரும்பிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. நூலகத்தில் புத்தகங்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால், தேடிய நூல் இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டிய இடத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் அதன் உறவு நூல்கள் கிடைக்கும். நூலகரிடம் "சார், நல்ல நாவல் இருக்கா?" என்று கேட்பதைவிட, "சார், இதைப் படிச்சேன், பிடிச்சிருந்தது, இது மாதிரி வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அவரால் உதவ முடியும்.

நூலகத்தில் இல்லாததை மின்கோப்பாகச் சுற்றுக்கு விடுவதில்தான் பெரிய தீங்கு நேர்கிறது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. நாட்டுடைமையான எழுத்துகள் இதற்கு விலக்கு. 1998 முதல் இணையத்தில் இயங்கிவரும் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பில் பழந்தமிழ் நூல்களையும் உரிமைச் சிக்கல் இல்லாத நூல்களையும் தடையின்றிப் பெற்றுப் பகிரலாம். இன்று வாழும் எழுத்தாளரின் நூலை ஸ்கேன் செய்து குழுக்களில் அனுப்புவது வேறு. இன்றைய தமிழ் நூல்களில் பல சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. ஒரு கோப்பு இரண்டு மூன்று குழுக்களைச் சுற்றிவந்தாலே அந்தப் பதிப்பின் விற்பனை நின்றுவிடக்கூடும். அந்த எழுத்தாளரின் அடுத்த நூல் வெளிவர வேண்டும் என்று விரும்புகிறவர் அதைச் செய்யலாகாது.

கொடுத்த பிறகு நாம் நடந்துகொள்ளும் விதமும் கணக்கில் வரும். வாரத்துக்கு ஒரு முறை "படிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், நண்பர் புத்தகத்தோடு நம்மையும் தவிர்க்கத் தொடங்குவார். ஒரு மாதம் கழித்து, எந்த இடம் வரை வந்தீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். முடிக்கவில்லை என்றால் எங்கே நின்றது என்பதை மறுப்பில்லாமல் கேட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து எதைக் கொடுப்பது என்பதை அவர் நின்ற அந்தப் பக்கத்தை வைத்தே முடிவு செய்யலாம்.