ஆடியில் கரையேறும் படகு: டர்பனில் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி மாதம் குளிர்காலம். மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் வாரங்களில்தான் நான் படகைக் கரையேற்றுவது வழக்கம். 34 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. எனக்கும் மனைவிக்கும் எட்டு வருடமாக அதுதான் வீடு. கரையேற்றினாலும் வீடு மாறுவதில்லை. ஐந்தாறு வாரம் யார்டில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகுக்குள்ளேயே சமையல், தூக்கம் எல்லாம். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

முதல் தவறு, குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதை அப்படியே பின்பற்றுவது. அங்கே குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும். அதனால் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றி, பிளாஸ்டிக் போர்த்தி, பூட்டிவிட்டுப் போவார்கள். டர்பனில் ஜூலை இரவிலும் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், உறையும் அளவுக்குப் போவதில்லை. இங்கே போர்த்தி மூடினால் மிஞ்சுவது பூஞ்சணம்தான். நம் குளிர்காலம் மழை குறைந்த காலம், வருடத்தில் பெயின்ட் அடிக்கத் தோதான ஒரே பருவம். டிசம்பர், ஜனவரி மழையிலும் புழுக்கத்திலும் அந்த வேலையைத் தொடவே முடியாது. வால் டேமில் படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. உள்நாட்டு மேட்டுநிலமான அந்த ஹைவெல்டில் இரவில் உறைபனி விழும், அவர்கள் எஞ்சினிலும் குழாயிலும் இருக்கும் தண்ணீரை வடித்தே ஆக வேண்டும்.

அடுத்தது, வெள்ளிக்கிழமை மதியம் கரையேற்றுவது. நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். படகு மேலே வந்தபோது மணி மூன்றரை. தண்ணீர் பீய்ச்சும் பையன் கிளம்பிவிட்டான். சரி, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஈரமாக இருக்கும்போது பாசி வழித்தால் வந்துவிடும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் பிரஷர் வாஷில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தபின் அது சிமென்ட் மாதிரி. மூன்று நாள் சுரண்டினேன், தோள் இரண்டும் போயிற்று. பாசி ஒட்டாமலிருக்க அடியில் பூசும் பெயின்ட்தான் ஆன்டிஃபவுலிங், அந்தப் பழைய பூச்சில் செம்பு கலந்திருக்கிறது. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவது இன்னொரு தவறு. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், மூக்குக்கு நல்ல மாஸ்க் வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொண்டு செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

முட்டுகள். கரையோரத்தில் ஏரா என்கிறோமே, படகின் அடி முதுகெலும்பு, அந்தக் கீல்தான் படகின் எடையைத் தாங்க வேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டும். உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும் இடம் பார்த்து முட்டு வைக்காவிட்டால் ஃபைபர் உள்வாங்கும். எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலியால் இணைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். தார்ப்பாய்க் கயிற்றை எக்காரணம் கொண்டும் முட்டில் கட்டாதீர்கள். காற்று தார்ப்பாயை இழுத்தால் முட்டும் கூடவே நகரும்.

காற்று என்றதும் பாய். சுருட்டியபடி விட்ட முன்பாய்தான் யார்டில் பெரிய ஆபத்து. மதியம் வரை சூடாக இருக்கும், பாரோமீட்டர் இறங்கிக்கொண்டே வரும், பிறகு சில நிமிடங்களில் தென்மேற்கிலிருந்து பஸ்டர் என்கிற திடீர்ச் சூறைக்காற்று அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கேயும் பொருந்துகிறது, திசைகூட அதேதான்! சுருட்டிய பாயின் ஒரு முனை அவிழ்ந்தால் போதும், முட்டின் மேல் நிற்கும் படகு ஆட ஆரம்பித்துவிடும். பாய்களை எல்லாம் கழற்றி உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் மடிப்புக்குள் மைனா கூடு கட்டும். ஜன்னலையும் சாத்துங்கள். குரங்கு உள்ளே வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் முடித்துவிட்டுப் படுக்கையில் தோலைப் போட்டுவிட்டுப் போன கதை எங்களுடையது.

இனி, நிற்கும் படகுக்குள் குடியிருப்பவர்கள் மறப்பது. சிங்க் தண்ணீர் இப்போது கடலில் விழாது, படகின் மேல்தான் வழியும். ஒரு சனிக்கிழமை காலை முதல் கோட் பிரைமர் அடித்து முடித்தேன். மதியம் மனைவி ரசச் சட்டியைக் கழுவி ஊற்றினாள். துளையிலிருந்து கீல் வரை மஞ்சளாக ஒரு கோடு, நடுவில் ஒட்டிக்கொண்டு ஒரு கறிவேப்பிலை. மறுபடி தேய்த்து மறுபடி அடித்தேன். இப்போது சிங்குக்குக் கீழே வாளி. கழிவறைக்கு யார்டு கழிவறைதான், அதனால் கழிவுத் தொட்டியைக் கரையேறும் முன்பே காலி செய்துவிட வேண்டும். ஏணியை மேலே கயிறு போட்டுக் கட்டாமல் ஒரு நாள்கூட விடாதீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இறங்குவது பத்தடி உயரத்திலிருந்து. கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனம், அடித்தட்டில் போய்த் தேங்கும். சிலிண்டரை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பது உயிருக்கே ஆபத்து.

சீகாக்குகளைத் தொடாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். படகின் அடியில் துளை போட்டு வைத்த வால்வு அது. தண்ணீரில் இருக்கும்போது கழற்ற முடியாது. கரையில் இருக்கும் இந்தச் சில வாரம்தான் வாய்ப்பு. ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள், கிரீஸ் வையுங்கள். கத்தியால் சுரண்டும்போது உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு எலும்புக்கூடு நிற்கிறது என்று அர்த்தம். உடனே மாற்றிவிடுங்கள். அடுத்த முட்டில் நின்ற ஒரு தாத்தா, டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் வலை இழுத்த குடும்பம், தமிழ் பாதிதான் வரும். சுத்தியலால் என் வால்வைத் தட்டிவிட்டு “தம்பி, சத்தம் செத்துப்போச்சு” என்றார். நல்ல வெண்கலம் கணீரென்று ஒலிக்குமாம். கழற்றியபோது கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

மற்ற உலோகம் அரிக்காமலிருக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டிதான் ஆனோட். அது பாதி கரைந்திருந்தாலே மாற்றிவிடுங்கள், புதியதன் மேல் பெயின்ட் படக்கூடாது. பெயின்ட் படிந்தால் அது வேலை செய்யாது, அப்புறம் புரொப்பெல்லர்தான் அரிக்கும். பெயின்டை விடியற்காலையில் ஆரம்பிக்காதீர்கள். பனி காய்ந்து படகின் உடம்பு உலர்ந்தபின், ஒன்பது பத்து மணிக்கு மேல்.

எஞ்சினைப் பழைய ஆயிலோடு வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள், அதிலிருக்கும் அமிலம் உள்ளே அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசும்போது வாளியிலிருந்து எஞ்சினே உறிஞ்சிக்கொள்ளட்டும். குழாயை நேரே சொருகினால் தண்ணீர் சைலன்சர் வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடலாம். டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால் ஈரம் சேரும், டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கறுப்புச் சளி வளரும், ஃபில்டர் அடைக்கும்.

மறுபடி இறக்கும் அன்று படகு தண்ணீரைத் தொட்டதும் லிஃப்டின் தூக்குப் பட்டையை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். பட்டையில் தொங்கியபடியே உள்ளே போய், டார்ச் அடித்து ஒவ்வொரு சீகாக்கையும் விரலால் தடவுங்கள். புரொப்பெல்லர் தண்டில் சொட்டாத வகை சீல் இருந்தால் அதை அழுத்திக் காற்றை வெளியேற்றி, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். லிஃப்ட்காரர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.