சோஹோ, சோஃபோ, சோவோ: விளம்பரப் பெயரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, என் சித்தப்பா மகன் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பேரங்காடிக்கு என்னை அழைத்துப் போனான். கீழ்த்தளத்தில் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தின் விற்பனைக் கூடம். கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் மாதிரி, பக்கத்தில் ஒரு மாதிரி அறை. மேலே கட்டில், கீழே மேசை, சுவரோரம் சின்ன ஃபிரிட்ஜ். தம்பி வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பவன். மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம். "அண்ணே, கீழே ஆபிஸ், மேலே தூக்கம். ரெண்டு வாடகையும் ஒரே தவணையில முடிஞ்சிடும்" என்றார் முகவர். தம்பி பேனாவை எடுத்துவிட்டான்.

நான் தரைத்திட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அறையின் நடுவே எழுதியிருந்த சொல் 'பெஜாபாட்', அதாவது அலுவலகம். வரைபடத்தில் கட்டில் இல்லை, சமையலறை இல்லை. கழிவறைகூட அந்தத் தளத்துக்கே பொதுவானது. மாதிரி அறையில் கண்ட வாழ்க்கைக்கும் அந்தத் தாளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அன்று அவன் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் சோஹோ, சோஃபோ, சோவோ என்ற பெயர்களில் விற்கும் இப்படிப்பட்ட அலகுகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு என்னிடம் தாள்களை நீட்டிய சொந்தக்காரர்கள், நண்பர்கள் பலர். அவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரைச் சட்டம் என்று நினைப்பது

சோஹோ என்றால் ஸ்மால் ஆபிஸ் ஹோம் ஆபிஸ். சோஃபோ என்றால் ஸ்மால் ஆபிஸ் ஃப்ளெக்ஸிபிள் ஆபிஸ். சோவோவில் வருகிற 'வோ'வை ஒரு நிறுவனம் வெர்ச்சுவல் ஆபிஸ் என்று விரிக்கும், இன்னொன்று வெர்சடைல் ஆபிஸ் என்று விரிக்கும். இவை எல்லாம் சந்தைக்காக உண்டான பெயர்கள். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் மாறுகிறது. ஆனால் 'ஹோம்' என்ற சொல் இருப்பது முதல் பெயரில் மட்டும். மற்ற இரண்டும் தலை முதல் கால் வரை அலுவலகம்தான். முகவர் மூன்றையும் ஒரே மூச்சில் "சோஹோ மாதிரிதான்" என்று சொல்லிவிடுவார். அந்த 'மாதிரி'யில்தான் சிக்கல்.

நீங்கள் வாங்கப்போவது வீடா அலுவலகமா என்பதை மூன்று தாள்கள் முடிவு செய்கின்றன. முதலாவது, நிலத்தின் உரிமைப் பத்திரமான கெரானில் எழுதியிருக்கும் 'ஷராட் ஞாத்தா', அதாவது வெளிப்படையான நிபந்தனை. இரண்டாவது, ஊராட்சி மன்றம் கொடுத்த திட்டமிடல் அனுமதியும் அங்கீகரித்த கட்டட வரைபடமும். மூன்றாவது, உங்கள் முன் வைக்கப்படும் விற்பனை ஒப்பந்தத்தின் படிவம். விளம்பரத்தில் எந்தப் பெயர் பளபளத்தாலும், இந்த மூன்றில் இருப்பதுதான் செல்லும்.

'கமர்ஷியல்' என்ற சொல்லை இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்வது

தேசிய நிலச் சட்டத்தில் நிலப் பயன்பாட்டு வகைகள் மூன்றுதான்: விவசாயம், கட்டடம், தொழில்துறை. 'கமர்ஷியல் டைட்டில்' என்று நாம் சொல்வது, கட்டட வகை நிலத்தில் வணிகப் பயன்பாடு என்று நிபந்தனை எழுதப்பட்ட ஒன்றை. 'பெர்னியாகாஆன்' என்றிருந்தால் வணிகம், 'கெடியாமான்' என்றிருந்தால் குடியிருப்பு. நிபந்தனையை மீறினால் அபராதம் விதிக்கவும், கடைசியில் நிலத்தையே மாநில அரசு திரும்ப எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. அதை மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். பல நூறு பேர் சேர்ந்து வைத்திருக்கும் கட்டடத்தில் தனி ஒருவர் "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைப்பது நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் கமர்ஷியல் நிலம் என்றாலே குடியிருக்க முடியாது என்பதும் தவறு. சர்வீஸ் அபார்ட்மெண்டுகள் பெரும்பாலும் வணிக நிலத்தில்தான் நிற்கின்றன. மக்கள் அங்கே முறைப்படி குடியிருக்கிறார்கள், வீடு வாங்குவோருக்கான சட்டப் பாதுகாப்பும் அவர்களுக்கு உண்டு. அதனால் "கமர்ஷியலா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "குடியிருப்புக்கு அனுமதி பெற்ற கட்டடமா?" என்று கேளுங்கள். கெரானை நில அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்க்கலாம். திட்டமிடல் அனுமதியைத் தீபகற்பத்தின் மற்ற பகுதிகளில் 'கெபெனாரான் மெரான்சாங்' என்பார்கள். கோலாலம்பூரில் அது மாநகர் மன்றத்தின் மேம்பாட்டு உத்தரவு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கலாம்.

அலுவலகத்துக்கென வரைந்த கட்டடத்தில் குடியிருப்பது வெறும் தாள் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச்சட்டங்கள் அலுவலகத்தையும் குடியிருப்பையும் தனித்தனி வகையாகவே வைத்திருக்கின்றன. தீ விபத்தின்போது தப்பிக்கும் வழிகளை அந்த வகையைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆட்கள் விழித்திருக்கும் இடம் வேறு, குழந்தைகளோடு தூங்கும் இடம் வேறு. தம்பியை அன்று தடுத்ததற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

ஒப்பந்தத்தின் படிவத்தைப் பார்க்காமல் விடுவது

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம், 'வீடு' என்பதை விரிவாகவே வரையறுக்கிறது. முழுவதுமாக மனிதர் குடியிருக்கக் கட்டியது மட்டுமல்ல, ஒரு பகுதி குடியிருப்பு, ஒரு பகுதி வணிகம் என்று அமைந்த கட்டடமும் அதற்குள் வரும். குடியிருப்பு அனுமதியுள்ள சோஹோ இந்தச் சட்டத்துக்குள் வருவதற்கு இதுதான் காரணம். அலுவலகமாக மட்டும் அனுமதி பெற்ற சோஃபோவும் சோவோவும் வெளியே நின்றுவிடுகின்றன.

உள்ளே இருந்தால் ஒப்பந்தம் அரசாங்கம் வகுத்த படிவத்தில் இருக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் வழக்கமாக அது அட்டவணை எச். மேம்பாட்டாளர் தன் இஷ்டத்துக்கு அதை மாற்றி எழுத முடியாது. பணத்தைக் கட்டுமானம் ஏற ஏறத் தவணையாகத்தான் வாங்கலாம். சாவி கொடுக்க வழக்கமான கெடு 36 மாதம். தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று நாள் கணக்கில் இழப்பீடு. 4 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 ரிங்கிட். சாவி வாங்கிய பிறகு 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளரே சரிசெய்து கொடுக்க வேண்டும். விலையில் கடைசி 5 விழுக்காடு வழக்கறிஞர் கையில் இருக்கும். பாதி 8 மாதம் கழித்தும் மீதி 24 மாதம் கழித்தும்தான் மேம்பாட்டாளருக்குப் போகும். தகராறு வந்தால் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் இல்லாமல், சிறிய கட்டணத்தில் அங்கே மனு போட முடியும்.

வெளியே இருந்தால் மேலே சொன்னவற்றில் எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒப்பந்தம் மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் எழுதியது. தாமத இழப்பீடு குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குறை திருத்தும் காலம் எவ்வளவு என்பதும் அவர்கள் வைத்ததுதான். நடுவர் மன்றம் கிடையாது, நீதிமன்றம்தான். திட்டம் பாதியில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். உரிமம் பெற்ற வீடமைப்புத் திட்டத்தில் வாங்குவோரின் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. வணிகத் திட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

ஆகவே முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அட்டவணை எச் ஒப்பந்தமா?" பதில் இழுத்தாற்போல வந்தால், சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

விளம்பரத்தில் இருப்பதை மட்டும் படிப்பது

விளம்பரத்தில் எது இல்லை என்று பார்ப்பதில் பயன் அதிகம். உரிமம் பெற்ற வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரத்தில் மேம்பாட்டாளரின் உரிம எண், விளம்பர விற்பனை அனுமதி எண், அவை செல்லுபடியாகும் காலம், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, அடமானம் உண்டா, எப்போது முடியும், வரைபடத்தை அங்கீகரித்த மன்றம் எது என்பதெல்லாம் இருக்க வேண்டும். பொடி எழுத்தில், அடியில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். அந்த எண்களை வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் 'தெடுஹ்' இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண்ணே இல்லையென்றால், அது வீடமைப்புத் திட்டமாக விற்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரியுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் 1989ஆம் ஆண்டு விதிமுறைகள் விளம்பரத்தில் சிலவற்றைச் சொல்லவே கூடாது என்று தடுக்கின்றன: எதிர்கால லாபமும் வாடகை வருமானமும் இவ்வளவு வரும் என்ற கணிப்பு, இலவச வழக்கறிஞர் கட்டணம், கண்கொள்ளாக் காட்சி, இன்ன இடத்துக்கு இத்தனை நிமிடம் என்ற பயண நேரம். இனி அந்தப் பேரங்காடிப் பதாகைகளை நினைத்துப் பாருங்கள். "மூன்று ஆண்டுக்கு ஆறு விழுக்காடு உறுதியான வாடகை", "நகர மையத்துக்கு 15 நிமிடம்". இப்படி ஒரு பதாகையைக் கண்டால், ஒன்று அது வீடமைப்புச் சட்டத்துக்கு வெளியே உள்ள திட்டம், இல்லையேல் விதியை மீறுகிற திட்டம். எதுவானாலும் உங்களுக்கு அது எச்சரிக்கை. 'உறுதியான வாடகை' பல நேரம் விலையிலேயே ஏற்றி வைக்கப்பட்ட பணம். உங்கள் காசைத்தான் உங்களுக்கே மாதாமாதம் திருப்பித் தருகிறார்கள். அந்த மூன்று ஆண்டு முடிந்ததும், அதே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் வாடகைக்கு ஆள் தேடுவார்கள்.

சந்தை நிலவரம் காட்டி விற்பார்கள், அதிலும் கவனம் தேவை. விற்காமல் தேங்கிக் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கையை வெளியிடும் அரசின் சொத்துத் தகவல் மையமான நாப்பிக், சோஹோவையும் சர்வீஸ் அபார்ட்மெண்டையும் வீடுகளோடு சேர்ப்பதில்லை, தனியாகக் காட்டுகிறது. "வீடுகளின் தேக்கம் குறைந்துவிட்டது" என்ற செய்தித் துண்டைக் காட்டி சோஹோ விற்றால், அந்த எண்ணில் சோஹோவே இல்லை என்று சொல்லுங்கள்.

மாதச் செலவும் கடனும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வணிக நிலத்தில் மின்சாரம், தண்ணீர், சுக்காய் பிந்து எனப்படும் மதிப்பீட்டு வரி, நில வரி எல்லாம் வணிக விகிதத்தில் தொடங்கலாம். குடியிருப்பவர் விண்ணப்பித்தால் சிலவற்றை வீட்டு விகிதத்துக்கு மாற்றும் வழி பல இடங்களில் உண்டு, ஆனால் தானாக மாறாது. அலுவலக அலகுக்கு வங்கி கொடுக்கும் கடன் விகிதம் பொதுவாக வீட்டுக் கடனைவிடக் குறைவு. ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க நினைத்திருந்தால், அந்த அலகுக்குக் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். முன்பணம் கட்டிய பிறகு கேட்டு அல்லாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'எந்தத் தொழிலும் செய்யலாம்' என்று நம்புவது

நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகத்தைப் பதிவு செய்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொழிலின் பெயருக்கான பதிவு. இடத்துக்கான உரிமம் ஊராட்சி மன்றத்திடம் வாங்க வேண்டியது, அது தனி. மடிக்கணினியில் கணக்கு எழுதுவது ஒரு ரகம். டியூஷன், அழகு நிலையம், சமைத்து விற்பது என்று ஆட்கள் வந்துபோகும் தொழில் வேறு ரகம். சோஹோ என்ற பெயருக்காக மன்றம் உரிமம் கொடுத்துவிடாது.

அதற்கு மேல், உரிமையாளர்கள் எல்லோரும் அங்கம் வகிக்கும் கட்டடத்தின் நிர்வாகக் கழகம் இருக்கிறது. கோலாலம்பூர் மோண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் அடுக்குமாடி வழக்கில் 2020இல் கூட்டரசு நீதிமன்றம், குறுகிய கால வாடகைக்கு விடுவதை நிர்வாகக் கழகம் தன் உள்விதியால் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மீறியவர்களுக்கு நாளொன்றுக்கு 200 ரிங்கிட் அபராதம் என்பது அங்கே இருந்த விதி. "ஏர்பிஎன்பி விட்டே தவணை கட்டிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்தக் கட்டடத்தில் இன்று அனுமதித்தாலும் நாளைக்கு உரிமையாளர்கள் கூடி ஓட்டெடுத்து நிறுத்த முடியும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

முன்பதிவுப் பணத்தைச் சும்மா கொடுத்துவிடுவது

"இன்னைக்கு ஆயிரம் வெள்ளி மட்டும் போட்டு வைங்க, பிடிக்கலன்னா பார்த்துக்கலாம்" என்பதில்தான் பலரும் சிக்குகிறார்கள். வீடமைப்புச் சட்டத்துக்குள் வரும் திட்டத்தில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. நடைமுறையில் வாங்குகிறார்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். தாமத இழப்பீட்டைக் கணக்கிடும்போது, சாவி கொடுக்கும் கெடுவை முன்பதிவுப் பணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் பல மாதம் தள்ளித் தேதி போட்டிருந்தாலும் அந்த ரசீதுதான் உங்கள் பக்கம் பேசும்.

இன்னும் கொடுக்காதவர்கள், முகவருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு கேள்விகள் அனுப்புங்கள். கெரானின் வெளிப்படையான நிபந்தனை என்ன? அங்கீகரித்த வரைபடத்தில் அந்த அலகுக்கு என்ன பெயர்? ஒப்பந்தம் அட்டவணை எச் தானா? விளம்பர அனுமதி எண் என்ன? தம்பியும் அன்றிரவு இதே நான்கையும் அனுப்பினான். மூன்று நாள் கழித்து வந்த பதிலில் விலைத் தள்ளுபடி மட்டும் இருந்தது. குழந்தை பிறந்த பிறகு அவர்கள் காஜாங் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கினார்கள். மூன்று படுக்கையறை. ஒன்றில் அவனுடைய மேசை.