பழைய போனை அம்மாவுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? ரீசெட் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

வீட்டில் புதுப் போன் வந்ததும் பழையது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போகும். கொடுப்பதற்கு முன் நாம் முதலில் செய்வது ஃபேக்டரி ரீசெட், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, போனைப் புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோவது. தயவுசெய்து அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் அம்மாவுக்காக என் பழைய போனை ரீசெட் செய்தேன். அதுவரை அதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வங்கி ஆப், உங்கள் போனுக்கு இது பொருந்தாது என்று வந்து, திரும்ப இறங்கவே இல்லை. பென்ஷன் வந்ததா என்று பார்க்கத்தான் அம்மாவுக்கு அந்தப் போனே தேவைப்பட்டது.

முதலில், வெகுநாள் அணைந்து கிடந்த போன் என்றால் சார்ஜ் போட்டுத் தேதியைச் சரிபாருங்கள். தேதி தப்பாக இருந்தால் பல தளங்களும் ஆப்களும் ஒழுங்காகத் திறக்காது, போனே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம்.

அடுத்து செட்டிங்ஸ் போய், கடைசியில் இருக்கும் அபவுட் போனைத் திறந்து, ஆண்ட்ராய்டு வெர்ஷன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாம்சங் என்றால் உள்ளே சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனில் இருக்கும், ஐபோன் என்றால் ஜெனரல், அபவுட். ஒரு ஆப் போனில் புதிதாக இறங்குமா என்பதற்கு முக்கியம் இந்த எண்தான், வாங்கிய வருஷம் இல்லை. ஒரே வருஷத்தில் வாங்கிய இரண்டு போன்களில் ஒன்று ஆண்ட்ராய்டு 8-லேயே நின்றிருக்கும், இன்னொன்று 10 வரை போயிருக்கும். கூகுள் புதுப் பதிப்பை வெளியிட்டாலும், சிப் செய்பவரும் போன் செய்பவரும் ஒவ்வொரு மாடலுக்கும் அதைத் தனித்தனியாகப் பொருத்தித் தர வேண்டும், விலை குறைந்த பழைய மாடல்களுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் அந்த மெனக்கெடலைப் பெரும்பாலும் எடுத்ததில்லை. அப்டேட் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது அம்மாவுக்குத் தேவையான ஆப்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தாறுதான் வரும். ஒவ்வொன்றையும் ப்ளே ஸ்டோரில் திறந்து, 'அபவுட் திஸ் ஆப்' பகுதியில் அடிவரை போனால், குறைந்தது எந்த ஆண்ட்ராய்டு வேண்டும் என்று போட்டிருக்கும். போனுக்குப் போன் மாறும் என்று மட்டும் இருந்தால், அதே கூகுள் கணக்கில் கணினியில் ப்ளே ஸ்டோர் தளத்தைத் திறந்து இன்ஸ்டாலை அழுத்துங்கள், உங்கள் போன்களில் எது ஒத்துவரும், எது வராது என்று காட்டும்.

இதையெல்லாம் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 மே முதல் ஐபோனில் வாட்ஸ்அப்புக்கு, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.1 வேண்டும், ஐபோன் 6-ஓ ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. இணையம் பார்க்கும் குரோமில் 138-ஆம் பதிப்புதான் ஆண்ட்ராய்டு 8, 9-க்குக் கடைசி, 139-இலிருந்து ஆண்ட்ராய்டு 10 இருந்தால்தான் புதுப்பிக்க முடியும். பழைய குரோம் திறக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் அதில் பணக் காரியம் வேண்டாம். ஆண்ட்ராய்டு எண் 4.4 அல்லது அதற்கும் கீழே என்றால், பல ஆப்கள் பின்னணியில் நம்பியிருக்கும் கூகுள் ப்ளே சர்வீசஸ் ஆதரவே 2023 ஆகஸ்டில் முடிந்துவிட்டது, அதைப் பேச மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தேவையான ஆப் போனில் ஏற்கெனவே ஓடுகிறது, ஆனால் ஸ்டோரில் பொருந்தாது என்று வருகிறது என்றால் ரீசெட் செய்யாதீர்கள். உங்கள் படங்களை அழித்து, கணக்குகளை நீக்கிக் கொடுத்தால் போதும் (வெளியாளுக்கு விற்பதென்றால் ரீசெட் கட்டாயம்). ஊர்பேர் தெரியாத தளத்திலிருந்து ஏபிகே (ப்ளே ஸ்டோர் இல்லாமல் ஆப் நிறுவும் கோப்பு) இறக்கி வங்கி ஆப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

புதுப் போனிலும் இதே சிக்கல் தலைகீழாக வரும். ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்துச் செய்த ஆப்களை ஆண்ட்ராய்டு 14 நிறுவவே விடாது, கூகுளின் பிக்சல் 7 போனில் 32 பிட் ஆப்கள் (பழைய வகைச் சிப்களுக்காக மட்டும் செய்தவை) ஓடாது. அதனால் பல வருஷம் அப்டேட் ஆகாத கணக்கு நோட்டு ஆப் ஏதாவது இருந்தால், பழைய போன் கையில் இருக்கும்போதே அதிலுள்ள தகவலை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

வங்கி ஆப் எப்படியும் ஓடாது என்றால், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# டயல் செய்யுங்கள், இணையமே வேண்டாம். முதல் முறை மட்டும் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் அது காலாவதியாகும் மாதமும் வருஷமும் கேட்டு, யுபிஐ பின் அமைக்கச் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை செய்து காட்டினேன், இப்போது ஒன்றாம் தேதி காலையில் அம்மாவே பேலன்ஸ் பார்த்துக்கொள்கிறார்.