கால் முறிந்தால் மூன்று மாதம்: விபத்து, நோய்க் காப்புறுதி எடுக்கும் முன்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அம்பாறை பொது வைத்தியசாலையிலோ வாட்டில் மறித்தால் கட்டிலுக்குக் காசில்லை. வீட்டைச் சாய்ப்பது, உழைக்கிறவர் வேலைக்குப் போகாமல் கிடக்கிற நாட்கள்தான். தனியார் வைத்தியசாலை அறையைக் காட்டி விற்கிற திட்டத்துக்கு முன் இந்த நாட்களுக்குக் காப்பு எடுங்கள்.

முதலில் கொப்பியில் ஒரு கணக்கு. நாள்கூலி மேசன் ஒருவரின் வீட்டில் லீசிங் 18,000, சீட்டு 10,000, டியூசன் 6,000, சாப்பாடும் கரண்டும் 36,000 என்று வைப்போம். மாதம் 70,000 ரூபாய். மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்தால் வாட்டில் ஐந்து நாள், வீட்டில் மூன்று மாதம், தேவை 210,000. ‘நாளுக்கு 2,000 தருவோம்’ என்கிற வைத்தியசாலைக் கொடுப்பனவில் அவருக்கு வருவது 10,000தான், அதிலும் சில திட்டங்கள் முதல் நாளைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் முகவரிடம் ‘தற்காலிக முழு இயலாமை’க்கு, அதாவது குணமாகும் வரை வேலையே செய்ய முடியாத நிலைக்கு, வாரக் கொடுப்பனவு உண்டா, எத்தனை வாரத்துக்கு என்று கேளுங்கள். இந்த வீட்டுக்கு வாரம் 16,000 அளவில், குறைந்தது 13 வாரம் வேண்டும். அதற்குப் பிறகு நிரந்தர இயலாமைக்கும் மரணத்துக்கும் காப்புப் பாருங்கள். நாட்கொடுப்பனவு கடைசியில் வரட்டும்.

கையில் ஏற்கெனவே இருப்பதையும் பாருங்கள். அரச ஊழியருக்கு அக்ரஹார என்கிற மருத்துவக் காப்புறுதி உண்டு. தொழில்தருநர் 3% கட்டுகிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில், வேலையில் இருக்கும் உறுப்பினருக்கு மரண, நிரந்தர இயலாமைக் கொடுப்பனவுகள் இருக்கின்றன. பலர் கேட்பதே இல்லை. மோட்டார் சைக்கிளின் மூன்றாந்தரப்புக் காப்புறுதியை நம்பி இருக்காதீர்கள். அது நீங்கள் மோதிய ஆளுக்கு. ஓட்டிய உங்களுக்கு அதில் பொதுவாக ஒன்றும் வராது.

படிவம் நிரப்பும் இடத்தில்தான் பிழை தொடங்குகிறது. சீனி, பிரஷர் இருந்தால் எழுதுங்கள். முகவர் ‘அதெல்லாம் தேவையில்லை அண்ணன்’ என்பார். பிறகு கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவரல்ல, கம்பனி. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நோய்க்குக் காத்திருப்புக் காலம் (காப்புறுதி எடுத்த பின் காசு கிடைக்காத ஆரம்ப நாட்கள்) எத்தனை நாள், பாம்புக்கடி விபத்தில் சேருமா, கடலில் தோணி கவிழ்ந்தால் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். வயலும் கடலும் உள்ள ஊரில் இவை சின்னக் கேள்விகள் அல்ல. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமலோ குடித்துவிட்டோ ஓட்டி விழுந்தால் கிளெய்ம் நிற்காது.

தவணையை மாதாமாதம் வைத்தால் வெள்ளாண்மைக்காரருக்கு நடுவில் அறுந்துபோகும். பெரும்போக வெட்டு முடிந்து நெல்லு விற்ற கையோடு வருடக் கட்டணமாகவோ, சிறுபோகத்தையும் சேர்த்து அரையாண்டாகவோ கட்டுங்கள். காலாவதியான காப்புறுதியைப் புதுப்பித்தால் காத்திருப்புக் காலமும் திரும்பத் தொடங்கலாம்.

விபத்து நடந்தால்:

1. கம்பனிக்கு உடனே அறிவியுங்கள். கெடு எத்தனை நாள் என்பது காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கும்.
2. வீதி விபத்தென்றால் பொலிஸ் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுங்கள்.
3. துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளில் நோய் நிர்ணய அட்டையில் மறித்த திகதி, விட்ட திகதி, வைத்தியரின் கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கிறதா என்று வாட்டிலேயே பாருங்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றினால் அங்கும் தனி அட்டை வேண்டும்.
4. வீட்டில் ஓய்வெடுத்த காலத்துக்கு மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) எடுங்கள். இது இல்லாமல் வாரக் கொடுப்பனவு வராது.

பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் காசு தாமதமாகும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பத்திரம் மூன்றிலும் தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கட்டும். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பனிக்கே மேன்முறையீடு செய்யுங்கள். அதன் பிறகு, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போங்கள்.

பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வையுங்கள், மார்கழி வெள்ளம் அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு முதலில் வரும். ஒரு படம் எடுத்து மனைவியின் போனிலும் வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரின் போனிலும் போட்டுவிடுங்கள்.