பல்லவனில் ஏறுமுன் டேப்லெட்டில் படம் ஏற்றுங்கள்

காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 7 மணி நேரம். வழியில் சிக்னலை நம்ப வேண்டாம். முந்தின இரவே வீட்டு வைஃபையில் படங்களை இறக்கிவிடுங்கள்.

10 அங்குலத் திரைக்கு 720பி என்ற படத் தரமே தாராளம். இரண்டு மணி நேரப் படம் பெரும்பாலும் 1 முதல் 2 ஜிபிக்குள் அடங்கும். ஓடிடி செயலியில் இறக்கியதற்குக் கெடு உண்டு. சில படங்களுக்கு ப்ளே அழுத்தியதுமே அது சுருங்கிவிடும். அதனால் ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பார்க்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் இருக்கும் சொந்தப் படங்களை யூ.எஸ்.பி கேபிளில் மாற்றலாம். பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் மெமரி கார்டு. அது ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் முறையில் இருந்தால், 20 ஜிபி காலியாக இருந்தாலும் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. காப்பி பாதியில் நிற்கும், அல்லது தொடங்கவே தொடங்காது. கார்டில் இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, இந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். டேப்லெட் அதைப் படிக்கிறதா என்றும் பாருங்கள்.

படம் ஓடி ஒலி வரவில்லையா? டேப்லெட்டின் பிளேயருக்கு அந்த ஒலி வடிவம் பிடிபடவில்லை, வி.எல்.சி என்ற பிளேயர் செயலியைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். சப்டைட்டில் கோப்புக்குப் படத்தின் பெயரையே வையுங்கள்.

கிளம்புமுன் ஏரோப்ளேன் மோடில் ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ஹெட்போன் கட்டாயம், விடியலில் ஏறிய ஆச்சிகள் கண்ணயரும் நேரம் அது.